1,217 முத்திரைகள், எட்டுத் தட்டுகள், ஒரு பதிவேடு

ஸ்டாம்ப் சேர்க்கிறேன் என்று சொன்னால் தபால்தலை என்றுதான் எல்லோரும் நினைத்துக்கொள்கிறார்கள். நான் சொல்வது வேறு. வாழ்த்து அட்டையிலும் குறிப்பேட்டுப் பக்கத்திலும் மை தொட்டுப் பதிக்கிற ரப்பர் முத்திரைகள். பூ, பறவை, இலை, வாசகம், எழுத்து என்று காகிதக் கைவேலை செய்கிறவர்களின் வீட்டில் இவை பெருகிக்கொண்டே போகும். பெருகிவிட்டது என்பதே, ஒரே முத்திரையை இரண்டாம் முறை வாங்கி வந்த அன்றுதான் தெரியவரும்.

எனக்கு இந்தக் கைவேலையைச் சொல்லிக்கொடுத்த அக்காவுக்கு அது ஒன்பது முறை நடந்திருந்தது. "தம்பி, ஒரு நாள் வந்து அடுக்கிக் கொடுத்துவிட்டுப் போ" என்று கூப்பிட்டார். ஒரு நாள் என்று அவரும் நம்பினார், நானும் நம்பினேன். பதினொரு ஆண்டுச் சேகரிப்பை ஒழுங்குபடுத்த ஆறு சனிக்கிழமைகள் ஆயின. அதில் முதல் இரண்டு முழுக்க வீண்.

கிடந்த கோலம்

முதலில் எண்ணினோம். மரக்கட்டையில் ஒட்டிய சிவப்பு ரப்பர் முத்திரைகள் 214. கட்டை இல்லாமல், முதுகில் ஒட்டும் ஃபோம் மட்டும் உள்ள ரப்பர் முத்திரைகள் 153. அக்ரிலிக் கட்டையில் ஒட்டவைத்துப் பதிக்கிற, கண்ணாடிபோல ஊடுருவித் தெரியும் ஃபோட்டோபாலிமர் முத்திரைகள் 61 தொகுப்புகள். உதிரியாக எண்ணினால் 742. கடைசியாக, அக்கா அழிப்பானில் தானே செதுக்கிய தமிழ் எழுத்துகள் 108. கூட்டினால் 1,217.

மரக்கட்டைகள் மூன்று பெரிய அட்டைப்பெட்டிகளில் ஒன்றின் மேல் ஒன்றாகக் கொட்டிக் கிடந்தன. அடியில் இருந்தவற்றின் மேல் மற்றவை பல ஆண்டுகள் அழுத்தியதில், ரப்பருக்கும் கட்டைக்கும் நடுவே உள்ள மெத்தை ஒரு பக்கம் அமுங்கிப்போயிருந்தது. அப்படிப்பட்ட முத்திரையை எவ்வளவு நேராக அழுத்தினாலும் ஒரு மூலை பதியாது. அக்கா அதைத் தன் கைநடுக்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தாராம்.

சில கட்டைகள் ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டியிருந்தன. அந்த பேண்டுகள் உருகிப் பிசுபிசுத்து, முத்திரையின் ஓரத்தில் பழுப்புக் கோடாக ஒட்டிக் காய்ந்திருந்தன. ரப்பரை ரப்பரால் கட்டக்கூடாது என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

ஜன்னல் ஓரத்துப் பலகையில் இருந்த பெட்டிதான் மோசம். அதில் 11 முத்திரைகள் கல்லாக இறுகி, விரலால் லேசாக வளைத்ததுமே நுண்ணிய வெடிப்புகள் காட்டின. 1839-இல் சார்லஸ் குட்இயர் கந்தகமும் வெப்பமும் சேர்த்து ரப்பரைப் பதப்படுத்தும் வழியைக் கண்டுபிடித்தார். அதற்கு முன்பு ரப்பர் வெயிலில் இளகும், குளிரில் விறைக்கும். கந்தகம் ரப்பரின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளை ஒன்றோடொன்று பிணைத்துவிடுகிறது. ஆனால் அந்தச் சங்கிலிகளில் இரட்டைப் பிணைப்புகள் இன்னும் மிச்சம் இருக்கின்றன. காற்றில் உள்ள ஓசோன் அவற்றைத்தான் குறிவைத்து வெட்டுகிறது. ரப்பர் வளைந்தோ இழுபட்டோ இருந்தால் வெட்டு இன்னும் விரைவு. அதோடு வெயிலும் சேர்ந்துகொண்டால் சொல்லவேண்டியதில்லை.

ஃபோட்டோபாலிமர் தொகுப்புகளில் பல மஞ்சள் பூத்திருந்தன. அது அழகுக்குக் கேடு, பதிவுக்கு அல்ல. இந்தப் பிசின் புற ஊதா ஒளியில்தான் இறுகி முத்திரையாகிறது. முத்திரையான பிறகும் ஒளி பட்டுக்கொண்டே இருந்தால் மஞ்சளாகி, நாளடைவில் இறுகும். மையின் கறையும் அப்படித்தான், நிறம் ஏறும், வேலை கெடாது. கறையைப் போக்குகிறேன் என்று வீரியமான கரைப்பான்களை ஊற்றித் தேய்ப்பவர்கள்தான் உண்மையில் முத்திரையைக் கெடுக்கிறார்கள். அதைவிடக் கவலை தந்தது, உறையில்லாமல் ஒன்றின் முகத்தோடு இன்னொன்று ஒட்டிக்கொண்டிருந்த ஜோடிகள். இரண்டு வாசக முத்திரைகளைப் பிரிக்க முயன்றபோது ஒன்றின் மெல்லிய எழுத்துகள் மற்றொன்றோடு போய்விட்டன.

108 எழுத்துகளின் கதை

இந்தச் சேகரிப்பில் என்னை மிக ஈர்த்தது அந்த எழுத்துப் பெட்டிகள்தான். ஆங்கில எழுத்துத் தொகுப்பு வாங்க 26 துண்டுகள் போதும். தமிழில் 247 எழுத்துகள். அத்தனையையும் செதுக்கத் தேவையில்லை என்று அக்கா கணக்குப் போட்டிருந்தார். உயிர் 12, ஆய்தம் 1, அகரமேறிய மெய் 18, புள்ளி 1. கால், ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, ஐகாரக் கொம்பு ஆகியவை எழுத்தை ஒட்டாமல் தனித்து நிற்பவை, ஆகவே 4 துண்டுகள் போதும். ஒகர ஓகார எழுத்துகளைக் கொம்பையும் காலையும் சேர்த்தே அமைத்துவிடலாம். ஔகாரத்துக்கு 'ள' இருக்கிறது. ஆனால் இகரம், ஈகாரம், உகரம், ஊகாரம் நான்கும் எழுத்தின் உடம்போடு ஒட்டிக்கொள்பவை. 'கு' ஒரு விதம், 'து' ஒரு விதம், 'மு' இன்னொரு விதம். அவற்றைப் பிரிக்க வழியில்லை. பதினெட்டை நான்கால் பெருக்கினால் 72. எல்லாம் சேர்ந்து 108.

இரண்டு ஆண்டு உழைப்பு. அதை அவர் பளபளப்பான, கெட்டியான, கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பெட்டிகளில் வரிசையாக அடுக்கி, ஊடுருவித் தெரிகிறதே என்று மகிழ்ந்திருந்தார். நாங்கள் திறந்தபோது 17 எழுத்துகள் வரமாட்டோம் என்றன. பசை எதுவும் இல்லை. அழிப்பானின் முதுகு பெட்டியின் தரையோடு பற்றவைத்ததுபோல இணைந்திருந்தது. அடியில் திருப்பிப் பார்த்தால், பிளாஸ்டிக்கே இளகிக் குழைந்து, ஒவ்வொரு எழுத்துக்கும் கீழே மங்கலான ஒரு சதுரம்.

அழிப்பான் என்றால் ரப்பர் என்று நாம் சொன்னாலும், இன்று செதுக்குவதற்கு ஏற்ற மெத்தென்ற வெள்ளை அழிப்பான்களில் பெரும்பாலானவை பி.வி.சி. அந்த பி.வி.சி.யை மெத்தென்று வைத்திருப்பது அதில் கலந்திருக்கும் மென்மையாக்கும் எண்ணெய். அது ஓரிடத்தில் நிற்காது. பக்கத்தில் பாலிஸ்டைரீன் கிடைத்தால் அதற்குள் மெல்ல நுழைந்து அதையும் இளக்கிவிடும். அந்தக் கெட்டியான பெட்டிகள் பாலிஸ்டைரீன்தான். பென்சில் பெட்டியில் அளவுகோலும் அழிப்பானும் ஒட்டிக்கொண்டு கிடந்ததைப் பள்ளி நாளில் பார்த்தவர்களுக்குக் காரணம் இதுதான். அழிப்பானைச் சுற்றி ஒரு காகித உறை வருகிறதே, அது பெயர் அச்சிட மட்டும் அல்ல.

தையல் நூலை இரு கையிலும் இழுத்துப் பிடித்து, எழுத்துக்கும் தரைக்கும் நடுவே ரம்பம்போல அறுத்து 12 எழுத்துகளைக் காப்பாற்றினோம். மூன்று, பெட்டி சாய்ந்தபோது குப்புற விழுந்து முகத்தோடு ஒட்டியவை. அவற்றின் செதுக்கல் போய்விட்டது. மீதி இரண்டு, 'ழு'வும் 'நூ'வும், எதற்கும் அசையவில்லை.

இப்போது எழுத்துகள் அட்டைப்பெட்டியில் காகிதத் தடுப்புகளுக்கு நடுவே இருக்கின்றன. ஊடுருவித் தெரியாது. தெரியவேண்டியதும் இல்லை, மூடியில் ஒவ்வொரு எழுத்தையும் அதன் இடத்திலேயே பதித்து ஒட்டியிருக்கிறோம்.

வீணான இரண்டு சனிக்கிழமைகள்

எங்கள் முதல் திட்டம் எல்லோருக்கும் முதலில் தோன்றுகிற திட்டம். பூவெல்லாம் ஓரிடம், பறவையெல்லாம் ஓரிடம், பிறந்தநாள் வாசகமெல்லாம் ஓரிடம். மேசை முழுக்கப் பரப்பிக் குவியல் குவியலாகப் பிரித்தோம். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. பூவின் மேல் உட்கார்ந்திருக்கும் வண்ணத்துப்பூச்சி கைக்கு வரும்வரை.

அதைப் பூவில் வைப்பதா, பூச்சியில் வைப்பதா? அக்கா பூ என்றார், நான் பூச்சி என்றேன். சிரித்துக்கொண்டே கடந்துவிட்டோம், ஆனால் அன்று மாலைக்குள் அதுபோல நாற்பது தகராறுகள். தொகுப்புகளில் நிலைமை இன்னும் சிக்கல். ஒரே உறையில் ஒரு கூடு, இரண்டு குருவி, ஒரு கிளை, 'நலமா?' என்ற வாசகம். பிரித்தால் சேர்த்துப் பதிக்க வேண்டியவை நான்கு மூலைக்குப் போய்விடும். பிரிக்காவிட்டால் வகை பிரித்ததே பொய்யாகிவிடும். இடப் பிரச்சினையும் சேர்ந்துகொண்டது. இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் உயரமுள்ள மரக்கட்டையும் மூன்று மில்லிமீட்டர் தடிமனுள்ள ஃபோட்டோபாலிமரும் ஒரே பெட்டியில் இருந்தால் பெட்டியில் பாதிக்குக் காற்றுதான்.

இரண்டாம் சனிக்கிழமை முடிவில், ஐந்து அட்டைகள் செய்து பார்த்துவிட்டு எடுத்ததைத் திரும்ப வைக்கும்படி அக்காவிடம் சொன்னேன். எடுக்கும்போது தயங்காதவர், வைக்கும்போது ஒவ்வொன்றையும் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். எட்டு முத்திரைகளை வைக்க ஏழு நிமிடம். மறுநாள் அவர் தனியாக இருக்கும்போது அவற்றை மேசை ஓரத்தில் குவித்துவிடுவார் என்பது இருவருக்கும் தெரிந்தது. அடுக்குமுறையின் குணம் எடுக்கும்போது தெரிவதில்லை, திரும்ப வைக்கும்போதுதான் தெரிகிறது.

அப்போதுதான் நூலகங்கள் நினைவுக்கு வந்தன. நூலகவியலுக்கு எஸ். ஆர். ரங்கநாதன் 1931-இல் தந்த ஐந்து விதிகளில் கடைசியது, நூலகம் வளர்ந்துகொண்டிருக்கும் ஓர் உயிர் என்பது. நாங்கள் போட்ட வகைகள் எதிலும் வளர இடமில்லை. பூப்பெட்டி நிறைந்துவிட்டால் பக்கத்துப் பெட்டியைத் தள்ளவேண்டும், அதற்குப் பக்கத்தையும் தள்ளவேண்டும். 1933-இல் வெளிவந்த அவருடைய கோலன் பகுப்புமுறை ஒரு நூலுக்கு ஒரே ஒரு முகம்தான் என்ற எண்ணத்தை விட்டுவிட்டது. ஒரு பொருளைப் பல முகங்களாகப் பிரித்துப் பார்க்கலாம் என்றது. எங்கள் வண்ணத்துப்பூச்சிக்கும் இரண்டு முகம். அதற்கு இரண்டு உடம்பு கிடையாது என்பதுதான் தகராறே.

ஆக, முத்திரை எங்கே இருக்கிறது என்பது ஒரு கேள்வி, அதை எப்படித் தேடுகிறோம் என்பது வேறு கேள்வி. இரண்டுக்கும் அலமாரியே பதில் சொல்லவேண்டும் என்று நாங்கள் கேட்டதுதான் தவறு. இருப்பிடத்தைப் பொருளும் அளவும் தீர்மானிக்கட்டும், தேடலைப் பதிவேடு பார்த்துக்கொள்ளட்டும் என்று முடிவுசெய்து, பிரித்த குவியல்களை எல்லாம் கலைத்தோம். அக்கா முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

இருப்பிடம்

மரக்கட்டைகளுக்கு ம-1, ம-2 என்று தொடர் எண். வரிசையில் எந்த அர்த்தமும் இல்லை, கைக்கு வந்த வரிசை. புதிதாக வருவது கடைசியில் சேரும், எதையும் தள்ளவேண்டாம். கட்டை சராசரியாக 5 சென்டிமீட்டருக்கு 7. உள்ளளவு 30-க்கு 40 உள்ள ஆழமில்லாத தட்டில் 34 பிடிக்கவேண்டும் என்று கணக்கு சொன்னது. விரல் நுழைய இடம் விட்டால் 28. ஆகவே எட்டுத் தட்டுகள், தலா 4 சென்டிமீட்டர் உயரம். மொத்த அடுக்கு 32 சென்டிமீட்டர். ஒரு கட்டையின் மேல் இன்னொன்று கிடையாது, ரப்பர் கீழ் நோக்கி.

தட்டின் தரையில் விரித்த காகிதத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். பட்டறைகளில் கருவிப் பலகையில் சுத்தியல் தொங்கும் இடத்தில் சுத்தியலின் நிழலை வரைந்து வைப்பார்கள். அதே உத்தி. ஒவ்வொரு கட்டையையும் எங்கே வைக்கிறோமோ அங்கேயே மை தொட்டுக் காகிதத்தில் பதித்து, கீழே எண்ணையும் எழுதினோம். முத்திரையைத் தூக்கினால் அதன் படம் தரையில் தெரியும். மயில் தெரிகிறது என்றால் மயில் வெளியே போயிருக்கிறது. திரும்ப வைக்கும்போது யோசிக்க ஒன்றுமில்லை, மயிலை மயில் மேல் வைக்கவேண்டும், அவ்வளவுதான். இந்தப் பணி முழுவதிலும் எனக்கு முழு நிறைவு தந்தது இது ஒன்றுதான்.

ஒட்டும் ஃபோம் உள்ள 153 முத்திரைகளை லேமினேட் செய்த ஏ5 தாள்களில், ஒரு தாளுக்கு ஆறு வீதம் பதியவைத்தோம். 26 தாள்கள், செங்குத்தாக நிறுத்தினால் 18 சென்டிமீட்டர் நீளம். ஃபோட்டோபாலிமர் தொகுப்புகளை அவை வந்த விறைப்பான தாளிலேயே விட்டு, ஒவ்வொன்றையும் பாலிப்ரோப்பிலீன் உறையில் போட்டு நிறுத்தினோம். 61 தொகுப்புகளும் 30 சென்டிமீட்டரில் அடங்கிவிட்டன. பி.வி.சி. உறைகளைத் தவிர்த்தோம். அழிப்பானில் பட்ட பாடு போதும். புதிய பிளாஸ்டிக் எதுவானாலும், வேண்டாத ஒரு முத்திரையை அதில் ஒரு மாதம் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் மற்றவற்றை மாற்றுகிறோம்.

ஒட்டும் தன்மை போன முத்திரைகளைத் தூக்கி எறிய அக்கா எடுத்து வைத்திருந்தார். பெரும்பாலும் தூசிதான் காரணம். மென்மையான சோப்பு கலந்த தண்ணீரில் கழுவி, நூல் உதிராத துணியில் வைத்துக் காயவிட்டதும் மறுபடி ஒட்டின. மரக்கட்டைகளை மட்டும் தண்ணீரில் போடவில்லை. பசை இளகும், கட்டை உப்பும். ஈரத் துணியில் ஒற்றியதோடு சரி, நுண்ணிய கோடுகளுக்குள் காய்ந்த மைக்குப் பழைய பல் துலக்கும் பிரஷ்.

கட்டையைக் கழற்றுவதா?

742 முத்திரைகள் 30 சென்டிமீட்டரில் அடங்க, 214 முத்திரைகள் எட்டுத் தட்டுகளை அடைத்துக்கொள்கின்றன. கட்டையிலிருந்து ரப்பரை உரித்து, முதுகில் ஒட்டும் ஃபோம் பொருத்திவிடலாம் என்றேன். பலர் செய்கிறார்கள். அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. "கட்டையைப் பிடித்தால்தான் தம்பி, எவ்வளவு அழுத்துகிறேன் என்று கைக்குத் தெரிகிறது" என்றார். அந்த வாதத்தில் உண்மை இருக்கிறது. மெத்தையும் கட்டையும் அந்த முத்திரைக்காகவே அளவெடுத்துப் பொருத்தியவை. எனக்கு இடம்தான் பெரிதாகத் தெரிந்தது.

மெத்தை அமுங்கிப்போன 22 கட்டைகளை மட்டும் கழற்றுவது என்று சமரசம். முடி உலர்த்தும் கருவியின் சூட்டில் பசையை இளக்கி, ஒரு மூலையிலிருந்து மெதுவாக உரித்தோம். 21 நல்லபடியாக வந்தன. பொறுமையிழந்து நான் இழுத்த ஒன்று, ஒரு பனைமரம், நடுவில் கிழிந்தது. அது என் கணக்கில்.

பதிவேடு

மூன்று சனிக்கிழமைகளை விழுங்கியது இதுதான். ஒவ்வொரு முத்திரையையும் கறுப்பு மையில் வெள்ளைத் தாளில் பதித்து, பக்கத்தில் அதன் எண். பக்கங்கள்தான் வகைகள். பூ, பறவை, மரம், கட்டடம், பின்னணி வடிவம் என்று. வண்ணத்துப்பூச்சி இப்போது பூப் பக்கத்திலும் இருக்கிறது, பூச்சிப் பக்கத்திலும் இருக்கிறது, இரண்டிலும் ம-87 என்றே எழுதியிருக்கிறது. அலமாரியில் நடந்த சண்டை காகிதத்தில் இல்லை.

கைபேசியில் படம் எடுத்து வைத்தால் போதாதா என்று கேட்கலாம். கடைக்குப் போகும்போது அது போதும், அதற்காகப் பதிவேட்டுப் பக்கங்களைப் படம் எடுத்தும் வைத்திருக்கிறோம். ஆனால் பதித்த தாள் நிஜ அளவைக் காட்டுகிறது. அட்டையைப் பக்கத்தில் வைத்து இந்தக் குருவி இங்கே பொருந்துமா என்று பார்த்துவிடலாம். கோட்டோவியம் எது, நிரப்பிய வடிவம் எது, எந்தக் கோடு தேய்ந்துவிட்டது என்பதும் தெரிந்துவிடுகிறது.

வாசகங்களை மட்டும் வேறு விதமாகப் பதிந்தோம். படத்தைக் கண் தேடுகிறது, வாசகத்தைச் சந்தர்ப்பம் தேடுகிறது. ஆகவே பிறந்தநாள், நன்றி, மணநாள், ஆறுதல், சும்மா ஒரு விசாரிப்பு என்று பக்கங்கள். ஆறுதல் பக்கத்தில் நான்கே நான்கு வாசகங்கள். பிறந்தநாளுக்கு 63. அந்தப் பக்கத்தைப் பார்த்த பிறகுதான் இனி எதை வாங்கக்கூடாது என்று அக்காவுக்கு உறைத்தது.

ஓர் ஆண்டுக்குப் பின்

சமீபத்தில் போய்ப் பார்த்தேன். முன்பு சோதித்ததுபோல எட்டு முத்திரைகளை எடுத்துத் திரும்ப வைக்கச் சொன்னேன். இரண்டு நிமிடத்துக்குள் முடித்தார். ஓர் ஆண்டில் இரட்டையாக வாங்கியது ஒன்று மட்டும். அதுவும் தள்ளுபடியில் என்று வாதாடினார்.

குறைகளும் உண்டு. தாளில் ஒட்டிய ரப்பர் முத்திரைகளில் ஐந்தாறு தாள்கள் நடுவில் வளைந்து, ஒன்றையொன்று தள்ளுகின்றன. ஏ5-இல் ஆறு முத்திரை அதிகம், நான்கோடு நிறுத்தியிருக்கவேண்டும். பதிவேட்டில் ஏறாமல் 14 தொகுப்புகள் ஒரு பையில் தொங்குகின்றன. பையின் மேல் 'அப்புறம்' என்று அழகாகப் பதித்திருக்கிறார்.

பெட்டியோடு ஒட்டிப்போன அந்த 'ழு'வையும் 'நூ'வையும் என்ன செய்தார் என்று கேட்டேன். பெட்டியின் அடியைச் சுற்றி அறுத்து எடுத்திருந்தார். இப்போது அவை இரண்டும் ஊடுருவித் தெரியும் பிளாஸ்டிக் கைப்பிடியோடு இருக்கின்றன. எங்கே பதிகிறது என்று மேலிருந்தே தெரிவதால், 108-இல் கோணாமல் பதிவது அவை இரண்டுதான் என்கிறார்.